செய்தியாளனும் நாவலும்

"முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் எழுதுகிறீர்கள், ஒரு நாவலாவது எழுதியிருக்கக்கூடாதா?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நேரமில்லை என்று சொல்லித் தப்பிவிடலாம். பத்திரிகையாளர்களில் பெரும்பாலோர் சொல்லும் பதிலும் அதுதான். ஆயினும், அன்றாடம் பக்கம் பக்கமாக எழுதிக் குவிக்கும் ஒருவன் நேரத்தின்மீது பழிபோடுவது பொருந்தாது. தடை வேறிடத்தில் இருக்கிறது. உறுதிப்படுத்தாத எதையும் எழுதாதே என்பது எங்கள் தொழிலின் முதற்பாடம். நாவலோ, உறுதிப்படுத்த முடியாத இடத்தில்தான் தொடங்குகிறது.

நான் எழுத விரும்பும் கதையின் களம் மாத்தளை. கோப்பித் தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளைக் கடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக நடந்தே இங்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு மலைநாட்டின் வாசல் எங்கள் ஊர்தான். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் பட்டினியும் பலரை வழியிலேயே கொண்டுபோயின. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தது. பின்னர் தேயிலை வந்தது. கோப்பிப் பருவத்துக்கு வந்து ஊர் திரும்பிய மக்கள், ஆண்டு முழுவதும் வேலையுள்ள தேயிலையோடு குடும்பமாகத் தங்கினார்கள்.

மலையக மக்களின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் ஒரு நடைபயணம் தொடங்கியது. பதினாறு நாள்கள் நடந்து, ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவுற்றது. நடந்த நாள்கள், கடந்த ஊர்கள், காணியும் வீடும் சமத்துவமும் வேண்டும் என்ற கோரிக்கைகள் எல்லாம் செய்தியாயின. அவை செய்தியாக வேண்டியவையே.

செய்தியில் இடம்பெற முடியாத ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. என் அப்பாயியின் பாட்டி அவ்வழியே நடந்து வந்தவர். வழியில் கைப்பிள்ளை இறந்துவிட்டது. ஒரு மரத்தடியில் புதைத்துவிட்டு, மறுநாள் விடியுமுன்பே கங்காணியின் கூட்டத்தோடு நடந்தாராம். அப்பாயிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிள்ளை ஆணா பெண்ணா, பெயர் என்ன, புதைத்தது எந்த ஊர்ப்பக்கம் என்ற கேள்விகளுக்கு அவரிடம் விடையில்லை. தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கான கணக்கைப் 'பேர்' என்பார்கள். முழுப்பேர், அரைப்பேர் என்று செக்ரோலில் விழும். தோட்டத்தை எட்டாமலே இறந்த பிள்ளைக்கு எந்த ஏட்டிலும் பேர் விழவில்லை.

அப்பிள்ளைக்குச் செய்தியாளனால் பெயர் வைக்க முடியாது. வைத்தால் அது பொய்ச்செய்தி. நாவலாசிரியன் வைத்தே ஆகவேண்டும். வைக்காவிட்டால் அந்தத் தாய் யாரைச் சொல்லி அழுவாள்? எழுதத் தொடங்குவதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இவ்வாறு செய்யத் துணிந்த முன்னோர் எங்கள் தொழிலில் உண்டு. ஆங்கிலப் பத்திரிகையாளர் டானியல் டீஃபோ, ராபின்சன் குரூசோவை 1719இல் வெளியிட்டபோது அறுபது வயதை நெருங்கியிருந்தார். 1665இல் இலண்டனைக் கொள்ளைநோய் சூறையாடியபோது அவர் சிறுபிள்ளை. அரை நூற்றாண்டுக்குப் பின், 1722இல், வாராந்த மரணப் பட்டியல்களையும் கற்பனை மாந்தர் ஒருவரின் குரலையும் இணைத்து அக்காலத்தை நாவலாக்கினார். இறந்தோரின் எண்ணிக்கை பட்டியலில் இருந்தது. அவர்களுடைய தெருவும் அச்சமும் நாவலில்தான் வந்தன.

நம் நாட்டிலும் தொடக்கம் ஒரு பத்திரிகையாளரே. 'முஸ்லிம் நேசன்' நடத்திய கண்டிச் சித்திலெவ்வை 1885இல் எழுதிய 'அசன்பேயுடைய கதை' இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படுகிறது. அது எகிப்துவரை செல்லும் கதை. அவர் வாழ்ந்த கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களின் மக்கள் நாவலில் விரிவாக இடம்பெற, கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) போன்ற படைப்புகள் வரவேண்டியிருந்தது. அந்த வரிசையில் இன்னும் எழுதப்படாத இடங்கள் நிறையவே உள்ளன.

ஆகவே தொடங்கியிருக்கிறேன். விடியற்காலையில், அன்றைய பத்திரிகையைக் கையில் எடுக்குமுன், ஒரு பக்கம். பாதையின் ஊர்கள், நோய்கள், கூலிக்கணக்கு ஆகியவற்றில் பழைய பழக்கப்படி ஆதாரம் தேடுகிறேன். ஆதாரம் முடியும் இடத்தில் பேனாவை மூடிவிடாமல் இருக்கப் பழகுகிறேன். பிள்ளை பெண் என்று முடிவு செய்தாயிற்று. பெயர் மாரியாயி.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நீலகிரியிலும் திருச்சியிலும் இருக்கிறார்கள். வேறு சிலர் ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கக்கூடும். உங்கள் வீட்டிலும் இப்படிப் பாதியில் நிற்கும் கதை ஒன்று இருக்கலாம். சொன்னவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். அவர்கள் மறைந்துவிட்டிருந்தால், மீதியை நீங்களே எழுதுங்கள்.