மணிமேகலை எங்கே ஆயா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் படியுங்கள்.

லைட் நாவல் என்றால் என்ன தெரியுமா? ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜப்பானில் விற்கும் கையடக்கப் புத்தகம், நம் பாக்கெட் நாவல் மாதிரி. முதலில் சில வண்ணப்படங்கள், உள்ளே நாலைந்து பக்கத்துக்கு ஒருமுறை அல்ல, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுப்பு வெள்ளைப் படம். தொடர்கதையாகப் பாகம் பாகமாக வரும். ஓடினால் அதையே சித்திரக்கதை ஆக்குவார்கள், அது மங்கா. அதுவும் ஓடினால் டிவிக்கு கார்ட்டூன் ஆக்குவார்கள், அது அனிமே. கார்ட்டூன் என்று சொன்னால் பேத்திக்குக் கோபம் வரும்.

அவள் இப்போது விழுந்து கிடப்பது 'ஸ்பைஸ் அண்ட் வுல்ஃப்' என்ற கதையில். எழுதியவர் இசுனா ஹசெகுரா, படம் ஜூ அயாகுரா. முதல் புத்தகம் 2006இல் வந்தது, மறு வருடம் மங்கா, 2008இல் அனிமே, 2024இல் மறுபடி புதிதாக ஒரு அனிமே. கதாநாயகன் லாரன்ஸ் ஒரு வண்டி வியாபாரி. உப்பு, தோல், மிளகு என்று ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பவன். அவன் வண்டியில் ஹோலோ என்ற பெண் ஏறிக்கொள்கிறாள். அவள் உண்மையில் ஒரு பெரிய ஓநாய். கோதுமை விளைச்சலைக் காக்கும் தெய்வம். பல நூறு வருடம் ஒரு கிராமத்துக்கு விளைச்சல் கொடுத்தவள். ஊர்க்காரர்கள் புது விவசாய முறை கற்றுக்கொண்ட பிறகு அவளை மறந்துவிட்டார்கள். திருவிழா மட்டும் சடங்குக்கு நடக்கிறது. அதனால் தன் சொந்த ஊரான வடக்கு நோக்கிப் புறப்பட்டுவிடுகிறாள்.

முதல் புத்தகத்தின் சண்டையே வெள்ளி நாணயத்தில் வெள்ளி கூடுமா குறையுமா என்பதுதான். கத்தி, ரத்தம் எதிர்பார்த்த எனக்கு ஆச்சரியம். இதைவிட நல்ல பொருளியல் பாடம் எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் நான் நடத்தியதில்லை.

மறந்துபோன விளைச்சல் தெய்வத்தின் கதையை வள்ளூரில் உட்கார்ந்து கேட்பது தனி அனுபவம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மீஞ்சூரிலிருந்து பள்ளிக்கு நடந்து வந்தால் இரண்டு பக்கமும் நெல். இன்று அந்த வழியில் கன்டெய்னர் லாரி, கொட்டகை, அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. வேலை வந்தது, வீட்டுக்கு வீடு சம்பளம் வந்தது, என் மகனும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில்தான் ஷிப்டு பார்க்கிறான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது யாரும் மழையைப் பற்றிக் கேட்பதில்லை. பேத்தியிடம் இதைச் சொன்னேன். "அதான் ஆயா, ஹோலோவும் அதான் சொல்லுது" என்றாள்.

இனி நம் கதைக்கு வருகிறேன்.

இவள் லைட் நாவல், மங்கா, அனிமே என்று விரல் விட்டு எண்ணும்போதே எனக்குப் 'பொன்னியின் செல்வன்' ஞாபகம்தான் வந்தது. கல்கி வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை ஓடியது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். வாரத்துக்கு வாரம் மணியத்தின் படம். நந்தினியின் கொண்டையும் வந்தியத்தேவனின் குதிரையும் இப்படித்தான் இருக்கும் என்று மூன்று தலைமுறைக்கு முடிவு செய்தது அவர் தூரிகைதான். பிறகு வந்த வினு, பத்மவாசன், அவர் மகன் மணியம் செல்வன் எல்லோரும் அந்தக் கோட்டைப் பிடித்துத்தான் வந்தார்கள். லைட் நாவலில் கடைசியில் எழுத்தாளர் வாசகரோடு பேசும் பின்னுரை ஒன்று கட்டாயம் இருக்குமாம். கல்கியும் அதைச் செய்தாரே! அப்புறம் அவர் என்ன ஆனார், இவள் என்ன ஆனாள் என்று கேட்டவர்களுக்குக் கதை முடிந்தபின் உட்கார்ந்து பதில் எழுதினார். அதே 1954 டிசம்பரில் காலமானார்.

அடுத்த கட்டத்துக்குத்தான் நாம் எழுபது வருடம் எடுத்துக்கொண்டோம். 1958இல் எம்.ஜி.ஆர். படமாக்குவதாக அறிவித்தார், நடக்கவில்லை. 1999இல் மேஜிக் லேண்டர்ன் குழு நாடகமாகப் போட்டது. நிலா காமிக்ஸ் சித்திரக்கதையாகக் கொண்டுவந்தது. 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் மணிரத்னத்தின் இரண்டு படங்கள். ஜப்பானில் பதிப்பகமே பணம் போட்டு, அனிமேவை வைத்துப் புத்தகத்தை விற்கும். இங்கே கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். புத்தகக் கண்காட்சியில் ஐந்து பாகமும் சேர்த்து என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர் வாங்கும் விலையில் கிடைப்பது அதனால்தான். ஆனால் அந்த மலிவுப் பதிப்புகள் பலவற்றில் படம் இல்லை. படமில்லாத பொன்னியின் செல்வனைக் கையில் எடுத்தால் எனக்கு உப்பில்லாத கூழ் மாதிரி இருக்கிறது.

என் பேத்திக்குத் தமிழ் வரும், ஆனால் படிக்க வராது. ஆங்கில வழிப் பள்ளி. தமிழ்த் தேர்வில் தொண்ணூறுக்கு மேல் வாங்குகிறாள், எல்லாம் மனப்பாடம். முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டுவாள். முப்பத்து நான்கு வருடம் ஒன்றாம் வகுப்புக்கு அகரம் சொல்லிக்கொடுத்தவளின் வீட்டில் இப்படி. இரண்டு வருடமாக இரவில் இதுதான் எனக்கு யோசனை. திட்டினால் போன் பக்கம் திரும்பிக்கொள்வாள். பொன்னியின் செல்வனை நீட்டினேன். "படம் ரெண்டும் பாத்தாச்சே ஆயா, முடிவு தெரியும். எதுக்கு?" என்றாள்.

நியாயமான கேள்விதான். நான் அவளிடம் திருப்பிக் கேட்டேன், நீ ஏன் அனிமே பார்த்த பிறகும் ஹோலோ புத்தகத்தைப் படிக்கிறாய் என்று. அவள் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஜப்பானிய மூலத்தில் ஹோலோ பழைய காலத்துப் பேச்சு பேசுவாளாம், லாரன்ஸ் மனசுக்குள் கணக்குப் போடுவது பக்கம் பக்கமாக வருமாம். அனிமேயில் அவன் சும்மா முகத்தைச் சுருக்குவான், அவ்வளவுதான்.

இந்த வைகாசியில் எனக்குக் கண்புரை அறுவை நடந்தது. சில வாரம் படிக்கக் கூடாது என்றார் டாக்டர். அவள் அப்பாவுக்கு நைட் ஷிப்டு, அம்மாவுக்குச் சமையல். மிச்சம் இருந்தது இவள். "ஒரு அத்தியாயம் படிடி கண்ணு, எனக்குப் பொழுது போகல" என்றேன். அந்தக் காலத்தில் கல்கி வந்த அன்று எங்கள் வீட்டில் அம்மா உரக்கப் படிப்பார், எழுத்தறியாத பாட்டி உள்பட எல்லோரும் கேட்போம். அந்தப் பழக்கம்தான்.

முதல் நாள் வீரநாராயண ஏரிக்கரையைத் தாண்டவே நாற்பது நிமிடம் ஆனது. 'வல்லவரையன்' என்ற பெயரில் மூன்று தடவை தடுக்கி விழுந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன், திருத்தவில்லை. ஆசிரியராக இருந்தவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும் உங்களுக்கு. மூன்றாம் நாள் கடம்பூர் மாளிகை. மணிமேகலை வந்தாள். பேத்தி படிப்பதை நிறுத்தினாள்.

"யாரு ஆயா இது? படத்துல இல்லையே!"

"இல்ல."

"ஏன் தூக்கிட்டாங்க?"

293 அத்தியாயத்தை ஐந்தரை மணி நேரத்தில் அடக்கினால் யாரையாவது விட்டுத்தான் ஆக வேண்டும், மணிரத்னத்தை நான் குறை சொல்லவில்லை என்றேன். சேந்தன் அமுதனுக்கும் படத்தில் இடம் சுருங்கிவிட்டது. கரிகாலன் சாவை இருட்டிலேயே வைத்துவிட்டுப் போனார் கல்கி, படம் அதற்கு விளக்குப் போட்டுக் காட்டுகிறது. எனக்கு இருட்டுதான் பிடிக்கும், அது என் வயசு. ஆனால் இவளுக்கு மணிமேகலை விஷயம் பொறுக்கவில்லை. தனக்குத் தெரியாத ஒருத்தி இந்தக் கதைக்குள் இருக்கிறாள், அவளைத் தன்னிடமிருந்து ஒளித்துவிட்டார்கள் என்ற மாதிரி ஒரு கோபம். அன்றைக்குக் கேட்காமலே இன்னும் இரண்டு அத்தியாயம் படித்தாள்.

என் கண் சரியாகி மாதம் ஒன்றாகிறது. அவளிடம் அதைச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இப்போது 'கொலை வாள்' போய்க்கொண்டிருக்கிறது. அத்தியாயத்துக்குப் பதினைந்து நிமிடம். போன வாரம் பள்ளியில் முன்பின் பார்க்காத பத்தி ஒன்றைக் கொடுத்தார்களாம், நிறுத்தாமல் படித்தாளாம். சும்மா வந்து சொல்லிவிட்டுப் போனாள். மணிமேகலைக்குக் கடைசியில் என்ன ஆகிறது என்று தினமும் நச்சரிக்கிறாள். படித்தவர்களுக்குத் தெரியும், கமெண்டில் யாரும் உடைத்துவிடாதீர்கள். அவளும் என் பதிவைப் பார்ப்பாள், இப்போது தமிழிலேயே படிப்பாள்.

ஒரு உதவி வேண்டும். நாங்கள் படிப்பது என் அம்மா வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த பிரதி. மூன்றாம் பாகத்தின் கடைசிப் பகுதியில் சில தாள்களைச் செல் அரித்துவிட்டது. எழுத்தை மலிவுப் பதிப்பிலிருந்து படித்துக்கொள்வோம், படம்தான் இல்லை. மணியம் படங்களோடு பழைய பைண்டு வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கங்களைப் போனில் எடுத்து இன்பாக்சில் அனுப்பினால் நல்லது. மணிமேகலை இருக்கும் படம் என்றால் அதை முதலில் அனுப்புங்கள்.