சின்னாவிலிருந்து தொடங்கலாம்

தமிழ் வழியில் பள்ளி முடித்து பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சேரும் பிள்ளைகளுக்கு ஷேக்ஸ்பியர் என்றால் நோட்ஸ்தான். ஜெராக்ஸ் கடையில் கதைச் சுருக்கம் கிடைக்கிறது. உருப்போட்டால் அரியர் விழாது. ஆசிரியர்களும் இதற்கு உடந்தை. வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே போவோம், பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருப்பார்கள். வாய்விட்டுப் பேசவேண்டிய ஒன்று நாடகம் என்பது வகுப்பில் யாருக்கும் நினைவிருக்காது.

'ஜூலியஸ் சீசர்' பாடமாக வந்தால் நான் முதல் அங்கத்தைத் தொடுவதில்லை. நேரே மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சி. நாற்பது வரிகூட இருக்காது. கொலையுண்ட சீசருக்காக ஆண்டனி ஆற்றிய இரங்கல் பேச்சைக் கேட்டு வெறியேறிய கூட்டம் தெருவில் வந்த ஒருவனை மறிக்கிறது. பெயர் என்ன, எங்கே போகிறாய், வீடு எங்கே, கல்யாணம் ஆயிற்றா? ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் முதல் நாள் சொல்லித்தரும் கேள்விகள் இவை. (பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரும் நம்மிடம் இவற்றைத்தான் கேட்கிறார்.) பழைய சொல் ஒன்றிரண்டு வரும், நடித்துக் காட்டினால் தானே விளங்கிவிடும். நாலு பேரைக் கூட்டமாக நிறுத்திப் பாருங்கள். ஆண்டு முழுக்க வாய் திறக்காத பையன்தான் முதலில் கத்துவான். கூட்டத்தில் ஒருவனாகக் கத்தும்போது இலக்கணப் பிழையை யார் பார்க்கப்போகிறார்கள்?

மறிபட்டவன் பெயர் சின்னா. சீசரைக் கொன்ற சதிகாரர்களிலும் ஒரு சின்னா உண்டு. 'நான் அவனில்லை, கவிஞன்' என்று இவன் கெஞ்சுகிறான். அப்படியானால் மோசமான கவிதை எழுதியதற்காகக் கிழித்துப் போடு என்கிறது கூட்டம். இந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும். அடுத்த சில வரிகளில் அவன் கதை முடிந்துவிடுகிறது.

"வெறும் பேருக்காகவா சார் கொன்னாங்க?"

இந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை சதிகாரர்களில் ஒருவனான புரூட்டஸை வாழ்த்திய ஜனங்கள் இவர்கள். அப்படி என்னதான் பேசினான் ஆண்டனி என்று முந்தைய காட்சியைப் பிள்ளைகளே புரட்டுவார்கள். கடினமான நீண்ட வரிகளோடு மல்லுக்கட்ட இப்போது ஒரு காரணம் இருக்கிறது.

சின்னாவின் கதை ஷேக்ஸ்பியரின் கற்பனையல்ல. புளூட்டார்க் எழுதிய வரலாற்றில் இருக்கிறது. தாமஸ் நார்த்தின் 1579ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக ஷேக்ஸ்பியர் கைக்கு வந்தது. 1937இல் நியூயார்க்கில் ஆர்சன் வெல்ஸ் பாசிச இத்தாலியின் உடுப்புகளோடு இந்நாடகத்தை மேடையேற்றியபோது பார்த்தவர்களை மிகவும் உலுக்கியது இந்தக் காட்சிதான். நாமோ கேள்வித்தாளில் வராது என்று தாண்டிப் போகிறோம்.

எல்லா நாடகத்திலும் இவ்வளவு எளிய தொடக்கம் அமையாது. ஹாம்லெட்டின் தனிமொழிகளை ஆங்கிலம் இன்னும் கைவராத பிள்ளைகள் தலையில் முதல் ஆண்டிலேயே சுமத்துவது வீண்வேலை என்றே நினைக்கிறேன்.

சீசரைப் பாடமாக வைத்திருக்கும் ஆசிரியர்கள் வரும் பருவத்தில் சின்னாவிலிருந்து தொடங்கிப் பாருங்கள். நோட்ஸைக் கடைசி வாரத்தில் கொடுத்துக்கொள்ளலாம்.