அகத்தித் தீவிற்கு ஓர் ஆகாயப் பிரயாணம்

கொடைக்கானலில் வாழும் எமக்கு ஆகாயவிமானம் தலைக்குமேல் செல்லும் பொருளேயன்றி ஏறிச்செல்லும் ஊர்தியன்று. ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள எமது ஊரில் விமானம் ஓடி எழுதற்கேற்ற சமதரை அரிது. கிடைப்பினும், உயரத்திற் காற்று மெலிந்திருத்தலால் ஓட்டம் நெடிதாதல் வேண்டும். ஆதலின், சென்ற ஐப்பசி விடுமுறையில் யாம் நால்வர் இலட்சத்தீவுகளுள் ஒன்றாகிய அகத்திக்குப் புறப்பட்டபோது, மலையிறங்கிக் கொச்சி சேர்வதற்கே ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தன. அநுமதிச்சீட்டுப் பெறக் கழிந்த நாட்களை எண்ணாது விடுகின்றோம்.

அகத்தி, ஏழரைக் கிலோமீட்டர் நீளமுள்ளதாயினும், மிக அகன்ற இடத்தும் ஒரு கிலோமீட்டர் அகலம் நிரம்பாத பவளத்தீவு. 1988-ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பெற்ற அதன் விமானத்தளமே அத்தீவுக்கூட்டம் முழுமைக்கும் உள்ள ஒரே தளம். கொச்சியின் ஓடுபாதை 3,400 மீட்டர். இதுவோ 1,300 மீட்டரும் நிரம்பாதது. தாழ இறங்குகையில் இருபுறத்துச் சாளரங்களிலும் கடலே தோன்றிற்று. தரையை யாம் காணுமுன் சக்கரங்கள் கண்டுகொண்டன! உடனே விமானி தடைகளை இறுக்க, யாவரும் முன்னே சாய்ந்தோம். நிலையம் சிறிது, பெட்டிகளைத் தேடி அலையும் தொல்லையில்லை.

எழுபது பேர் ஏறத்தக்க விமானத்தில் இருக்கைகள் சில வெறுமையாய்க் கிடந்தது எமக்கு வியப்பளித்தது. காரணம் பின்னர் விளங்கிற்று. பாதை குறுகியதாயின் பாரமும் குறைதல் வேண்டும். அன்றியும், மழையால் இறங்க இயலாவிடின் அண்மையில் வேறு தளமின்மையால், கரைக்கு மீளுதற்கும் எண்ணெய் சுமத்தல் வேண்டும். எதிர்காற்று இல்லாத வெப்பமான நாளில் எழுதல் இன்னும் அரிது.

தீவினர் பேசும் ஜெசரி மொழி மலையாளத்தின் கிளையாயினும், தமிழ்ச்சொற்கள் இடையிடையே கேட்டு மகிழ்ந்தோம்.

மீளவேண்டிய நாளில் மழை திரண்டது, விமானம் வரவில்லை. மறுநாள் வந்தபோது, முந்தினநாட் பிரயாணிகளும் அன்றையரும் ஒருங்கே காத்திருந்தனர். இடமோ சிலர்க்கே. கொச்சியில் மருத்துவம் பெறச் செல்லும் முதியவர் ஒருவர், மகளின் தோளிற் சாய்ந்து, எவரையும் எதுவும் கேளாது அமர்ந்திருந்தார். அவர்கட்குச் சீட்டில்லை. உத்தியோகஸ்தர் எடைக்கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தனர்.

அந்நிலை எமக்குப் புதிதன்று. 1916-இல் மோட்டார்ப் பாதை திறக்கப்படுமுன், பழனிமலையினின்று நோயாளரைத் தோள்மீது சுமந்தே இறக்கினர். 2018 நவம்பரில் கஜாப் புயல் வீசி மரங்கள் சாய்ந்து மலைப்பாதை அடைபட்டபோது, கீழே போகவேண்டியவர்கள் பட்ட பாட்டை யாமே கண்டிருக்கின்றோம். நெடிய ஆலோசனை நிகழவில்லை. எம்முள் இருவர் தம் இடங்களை விட்டனர், அதிகாரிகளும் இசைந்தனர். முதியவர் படியேறுகையில் திரும்பிப் பார்த்தார்; ஏதோ சொன்னார்; விசிறிகளின் ஓசையில் கேட்கவில்லை.

தங்கிய இருவரும் நான்கு நாள் காத்திருந்து கப்பலேறி வந்தனர். அலையால் உண்ட உணவு தங்கவில்லையாம். ஆயினும் எமக்கென மாசிக்கருவாடு ஒரு பொதி கொணர்ந்தனர். வத்தலக்குண்டு முதல் பெருமாள்மலை வரையில் பேருந்திலிருந்தோர் அதன் மணத்தைப்பற்றி உரைத்தவற்றை ஈண்டு எழுதுதல் தகாது.