யானையக் கட்டித் தீனி போட்ட கதை

2013 ஆகஸ்டு கடைசி. நம்ம ரூபாய் மல்லாக்க விழுந்து கெடந்த நேரம். டாலர் 68 ரூபாயைத் தாண்டிப் போச்சு. ஒரு திர்ஹாமுக்கு 18 ரூபாய்க்கு மேல கெடைச்சுது. ஷார்ஜா ரோலாவுல எக்ஸ்சேஞ்ச் வாசல்ல எல்லாம் ரேஷன் கடை மாதிரி வரிசை. கடன் வாங்கியாவது ஊருக்குப் பணம் அனுப்பிட்டிருந்தாங்க ஜனங்க. சரியா அந்த நேரத்துலதான் அடியேன் 42,000 திர்ஹாமை எண்ணிக் குடுத்து ஒரு பழைய நிசான் பேட்ரோல் வாங்கினேன். 2006 மாடல், வெள்ளை, 4.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், கியர் வண்டி. ஊர்ப்பணத்துல ஏழரை லட்சத்துக்கு மேல. அந்த 'ஏழரை'ய அழுத்திச் சொன்னது நான் இல்ல, தங்கமணி :-)

அதுக்கப்புறம் ரெண்டு நாள் தங்கமணி ஒண்ணுமே சொல்லல. அதுதான் ரொம்ப பயமா இருந்துச்சு. ஊர்ல, ஸ்ரீவைகுண்டம் பக்கத்துல, வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டு அப்படியே நின்னு போயிருந்த நேரம் அது. அப்பாவுக்கு போன் பண்ணி பெரிய வண்டி, மணல்ல மலையில எல்லாம் போகும்னு பெருமையா சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு கேட்டார்: "ஏலே, அங்க ரோடு கெடையாதா?"

ரோடு இருக்கு. துபாய், ஷார்ஜா ரோட்டப் பத்தி யாரும் குறை சொல்ல முடியாது. ரோடு முடியற எடத்துலதான் விஷயமே இருக்கு. அத எனக்குக் காட்டினது நாசரேத் பக்கத்து அண்ணாச்சி ஒருத்தர். பழைய 80 சீரீஸ் லேண்ட் க்ரூஸர் வச்சிருந்தார். 2011ல ஒரு வெள்ளிக்கிழமை விடியக்காலையில மலீஹா பக்கம் கூட்டிட்டுப் போனார். செவப்பு மணல், நடுவுல கருப்பா ஒரு மலை. ஃபாசில் ராக்குன்னு சொல்லுவாங்க. ஒரு காலத்துல கடலுக்கு அடியில கெடந்த பாறை, இன்னிக்கும் அதுல சிப்பி அச்செல்லாம் பாக்கலாம். அந்த மணல் மேட்டு உச்சியில நின்னு ஃபிளாஸ்க் டீ குடிச்சப்பவே முடிவு பண்ணிட்டேன். ரெண்டு வருசம் தள்ளிப் போட்டது காசுக்காகத்தான்.

இந்த ஊர்ல பெரிய வண்டின்னா ரெண்டே கட்சி. லேண்ட் க்ரூஸர், பேட்ரோல். எம்ஜிஆர் - சிவாஜி மாதிரி, ரெண்டு பக்கமும் சாகறவரைக்கும் சண்டை போடற ரசிகர்கள். நான் பேட்ரோல் பக்கம் போனதுக்கு மொதக் காரணம் வெலை. அதே வருசத்து லேண்ட் க்ரூஸர் என் பட்ஜெட்டுக்கு ரொம்ப மேல. ரெண்டாவது காரணம் அதோட எலும்புக்கூடு. அந்தப் பழைய பேட்ரோல்ல முன்னாடியும் பின்னாடியும் ஒரே இரும்புத் தண்டு மாதிரி ஆக்ஸில், நடுவுல ஏணி மாதிரி சேஸிஸ். நம்ம ஊர் லாரி மாதிரிதான். சொகுசு கம்மி, ஆனா அடி தாங்கும். கியர் பக்கத்துல இன்னொரு குட்டி லீவர் இருக்கும். சாதாரணமா பின்சக்கரம் மட்டும் இழுக்கும். அத மாத்தினா நாலும் இழுக்கும். இன்னும் தள்ளினா லோ கியர், எருமை மாதிரி மெதுவா, ஆனா நிக்காம இழுக்கும்.

பழைய கார் கடையெல்லாம் அப்போ அபு ஷகாராவுல இருந்துச்சு. அப்புறம்தான் சூக் அல் ஹராஜுக்கு மாத்தினாங்க. ஏழு வாரம் வெள்ளிக்கிழமை தவறாம அங்க போனேன். கூட ஒரு பெஷாவர் மெக்கானிக் வருவார், உஸ்தாத்னுதான் கூப்பிடறது. அவர் வண்டிக்கு மேல பாக்கவே மாட்டார். நான் பெயிண்ட் பளபளப்பப் பாத்து வாயப் பொளந்துட்டு நிப்பேன், அவர் அட்டையப் போட்டு அடியில படுத்துடுவார். அவர்கிட்ட கத்துக்கிட்டது இதுதான்: அடியில கீறல் இருந்தா பரவாயில்ல, மணல்ல ஓடின வண்டிக்கு அது இருக்கும். ஸ்ப்ரிங் உக்கார்ற எடத்துல வெல்டிங் தழும்பு இருந்தா திரும்பிப் பாக்காம வந்துடணும். முன்சக்கரத்துக்குப் பின்னாடி உருண்டையா இருக்கற மூட்டுல கிரீஸ் வழிஞ்சா வெலையக் கொறைக்கச் சொல்லணும். வேகம் எடுக்கும்போது ஸ்டீயரிங் கைய ஒதறினா, எதுக்குன்னு கண்டுபிடிக்காம காசு குடுக்கக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, வண்டி ஜிசிசி நாடுகளுக்குன்னு வந்ததா, இல்ல அமெரிக்காவுல வெள்ளத்துலயோ விபத்துலயோ மாட்டினத இங்க கொண்டு வந்து மினுக்கி வச்சிருக்காங்களான்னு சேஸிஸ் நம்பர வச்சுப் பாக்கணும். வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். வெலைதான் காட்டிக் குடுக்கும். ஆறு வண்டிய உஸ்தாத் தலையாட்டியே தள்ளிட்டார். ஏழாவதுக்கு அடியில இருந்து எந்திரிச்சு வந்து கையத் தட்டிக்கிட்டு "லே லோ"ன்னார். அவ்வளவுதான், வாங்கிட்டேன்.

தீனி விஷயத்துக்கு வருவோம். ஊருக்குள்ள லிட்டருக்கு 4, 5 கிலோமீட்டர். இதுல ரெண்டு டேங்க் வேற. ரெண்டும் சேத்தா 100 லிட்டருக்கு மேல புடிக்கும். நான் வாங்கினப்போ சாதா பெட்ரோல் லிட்டர் 1.72 திர்ஹாம். தண்ணி பாட்டில் வெலைன்னு சிரிச்சோம். 2015 ஆகஸ்டுல அரசாங்கம் கட்டுப்பாட்ட எடுத்துட்டு மாசாமாசம் வெலை அறிவிக்க ஆரம்பிச்சாங்க, மொத மாசமே 2.14. 2022 ஜூலையில 4.52. அந்த மாசம் தங்கமணி பெட்ரோல் பில்ல ஃப்ரிட்ஜ் மேல காந்தத்துல ஒட்டி வச்சாங்க, பசங்களோட மார்க் ஷீட்டுக்குப் பக்கத்துல. நான் ஆபீசுக்கு பஸ்ல போனேன் :-(

ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். மணல்ல வண்டியக் கொண்டு போறது இன்ஜினோ காசோ இல்ல, காத்துதான். ரோட்டுல 35 பிஎஸ்ஐ இருக்கற டயர மணல்ல 15க்கு எறக்கணும். காத்து கொறைஞ்சா டயர் அகலமாகறதவிட நீளமாகும். தரையில பாதம் பதியற எடம் பெருசாகும், பாரம் பரவும். ஒட்டகத்தோட பாதத்தப் பாத்தா புரியும், மிதிச்சா விரியும். மூணு மடங்கு வெலை குடுத்து வாங்கின புது வண்டி 35லயே இறங்கி 20 அடியில பொதைஞ்சு நிக்கும், அண்ணாச்சியோட பழைய வண்டி அதச் சுத்தி சுத்தி வரும். பொதைஞ்சா இன்னும் ஆக்ஸிலேட்டர மிதிக்கத்தான் எல்லாருக்கும் கால் போகும். மிதிக்க மிதிக்க சக்கரம் குழிதான் தோண்டும். உடனே நிறுத்தணும், எறங்கணும், டயருக்கு முன்னாடி பின்னாடி மணல அள்ளணும், இன்னும் கொஞ்சம் காத்த எறக்கணும், வந்த தடத்துலயே மெதுவா பின்னால வரணும். மேட்டுல நேரா ஏறணும், நேரா எறங்கணும். சரிவுல குறுக்க போனா உருண்டுடும்.

இன்னொரு விதி இருக்கு. அண்ணாச்சி மொத நாளே சொன்னது: "ஒத்த வண்டியா மணல்ல எறங்காதீங்க தம்பி. நம்ம வண்டிக்கு வாங்கிப் போடற சாமான்லயே பெரிய சாமான் இன்னொரு வண்டிதான்." வின்ச், லைட்டுன்னு ஆயிரக்கணக்குல செலவு பண்ணிட்டு தனியா போறவங்களப் பாத்தா எனக்கு இன்னிக்கும் கோவம் வரும். ஒரு தடவை லீவா பக்கம் ரெண்டு வண்டியும் ஒரே பள்ளத்துல மாட்டிக்கிச்சு. மணல் மேடு சுத்தி கிண்ணம் மாதிரி நிக்குது, அடியில மாவு மாதிரி மணல். மக வேற கூட இருந்தா, அப்போ எட்டு வயசு, பயந்து போய் பேசாம உக்காந்திருந்தா. எங்கிருந்தோ ஒரு உள்ளூர் பெரியவர் பழைய பிக்கப்புல வந்தார், வெறுங்காலோட எறங்கினார், எங்க டயர ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்து இன்னும் காத்த எறக்கினார். பட்டையப் போட்டு பத்து நிமிசத்துல ரெண்டையும் மேல இழுத்து விட்டார். நன்றி சொல்லத் திரும்பறதுக்குள்ள போயே போயிட்டார். அப்புறம் நாங்களும் எத்தனையோ பேர இழுத்து விட்டிருக்கோம். அந்தக் கணக்க நேரா அவருக்கு அடைக்க வழியில்ல, இப்படித்தான் அடைக்க முடியும்.

2023 டிசம்பர் 17, 18. அந்த ரெண்டு தேதிய எங்க பக்கத்து ஆளுங்க மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செண்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள்ள வந்துடுச்சு. திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்லயே நின்னு போய் நூத்துக்கணக்கான பயணிக சுத்தித் தண்ணிக்கு நடுவுல கெடந்தாங்க. அப்பாவோட போன் ரெண்டு நாள் கிடைக்கல. எனக்கு இங்க கீழ பார்க்கிங்ல, எந்தத் தண்ணியிலயும் எறங்கற வண்டி சும்மா நிக்குது. ராத்திரி ரெண்டு மணிக்கு கீழ போய் அதுல உக்காந்துட்டு ஊர் நம்பர் ஒவ்வொண்ணா அடிச்சுப் பாத்திருக்கேன். மூணாவது நாள் அப்பாவே கூப்பிட்டார். பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் டிராக்டர் கொண்டு வந்து தெருவோட எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போய் மேட்டுப் பள்ளிக்கூடத்துல விட்டாராம். அவர் யாருன்னு அப்பாவுக்கே தெரியாது.

நாலு மாசம் கழிச்சு, 2024 ஏப்ரல் 16, இங்க மழை. அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாங்கற எடத்துல 24 மணி நேரத்துக்குள்ள 254.8 மில்லிமீட்டர். 1949ல கணக்கெடுக்க ஆரம்பிச்சதுல இருந்து இப்படி ஒரு மழை இல்லைன்னாங்க. நம்ம ஊர்க்காரங்களுக்கு 25 செண்டிமீட்டர் பெருசாத் தெரியாது. ஆனா மழைக்குன்னு கட்டாத ஊர்ல அது போக வழி வேணும்ல? நாங்க இருக்கற அல் காசிமியாவுல தெரு வாய்க்கால் ஆயிடுச்சு.

எதிர் ஃபிளாட்டுல ஒரு மலையாளி சேச்சி, நர்ஸ். மறுநாள் காலையில கதவத் தட்டினாங்க. ஆஸ்பத்திரியில முந்தின நாள் டூட்டிக்கு வந்தவங்க மாத்திவிட ஆளில்லாம அப்படியே இருக்காங்களாம், எப்படியாவது போகணும்ங்கறாங்க. நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி தங்கமணி சாவிய எடுத்துட்டு வந்து நீட்டினாங்க.

தண்ணியில வண்டி விடறது மணலுக்கு நேர் எதிர். மணல்ல வேகம் விடாம போகணும், தண்ணியில நடக்கற வேகம். இன்ஜின் காத்து இழுக்கற வாய் எந்த உயரத்துல இருக்குன்னு தெரியணும். அது தண்ணியக் குடிச்சா அவ்வளவுதான், உள்ள ராடு வளைஞ்சு இன்ஜினே போயிடும். ஆழம் பாக்க ஒரு வழி இருக்கு, நின்னு போன கார்களோட டயர் எதுவரைக்கும் முங்கியிருக்குன்னு பாத்துக்கிட்டே போறது. லோ கியர்ல ரெண்டாவது போட்டு, ஆக்ஸிலேட்டர ஒரே அளவுல வச்சு, நிக்காம போனேன். ஒரு சுரங்கப் பாதை கிட்ட போனப்போ பஸ் ஒண்ணு ஜன்னல் வரைக்கும் முங்கிக் கெடக்கு. சேச்சி என்னப் பாத்தாங்க. முடியாதுன்னுட்டு வண்டியத் திருப்பினேன். அரை மணி நேரப் பாதைக்கு மூணு மணி நேரம் ஆச்சு.

அந்த மூணு மணி நேரத்துல எரிச்சல் வந்தது தண்ணியால இல்ல, நம்மள மாதிரி பெரிய வண்டி வச்சிருந்த சில பேரால. படம் புடிக்கறதுக்காக சர்ருன்னு தண்ணியக் கிழிச்சுக்கிட்டுப் போறாங்க. அந்த அலை நேரா கீழ்த்தளத்துக் கடைக்குள்ள போய் அடிக்குது. பக்காலா கடைக்காரர் மணல் மூட்டைய வச்சு மறிச்சுட்டு கையெடுத்துக் கும்பிட்டு மெதுவா போங்கன்னு கெஞ்சறார். ம்ஹும்.

அந்த வாரம் முழுக்க தெருவுல தண்ணி நின்னுச்சு. சேச்சியோட இன்னும் நாலு நர்ஸ், ஒரு நாள் மருந்து, ஒரு நாள் குடிதண்ணி கேன்னு போய் வந்தேன். தண்ணி வடிஞ்சதும் உஸ்தாத்கிட்ட விட்டேன். ஆக்ஸில் ஆயிலத் தொறந்தா மோர் மாதிரி வெள்ளையா வருது. சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணியில எறங்கினா உள்ள காத்து சுருங்கி, இருக்கற இடுக்கு வழியா தண்ணிய இழுத்துக்கும். எல்லா ஆயிலும் மாத்தி, பேரிங் கழுவி, 900 திர்ஹாம். அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட பேசினப்போ வாங்கின பதினோரு வருசத்துல மொத தடவையா கேட்டார்: "வண்டிக்கு ஒண்ணும் ஆகலியேலே?"

இப்போ விக்கறேன். மக காலேஜ் சேந்தாச்சு, அடுத்த வருசம் ஊரோட போயிடலாம்னு இருக்கோம். வண்டியக் கொண்டு போக முடியாது. இடது பக்கம் ஸ்டீயரிங் உள்ள பழைய காரை நம்ம ஊர்ல எறக்க விடமாட்டாங்க. கொண்டு போனாலும் எங்க தெருவுல திருப்ப எடம் கெடையாது :-)

போன வாரம் ஒரு தஞ்சாவூர் தம்பி பாக்க வந்தார். வந்ததும் "மைலேஜ் எவ்வளவுண்ணே தரும்?"னார். சொன்னேன், மொகம் சுருங்கிடுச்சு. நான் திருப்பிக் கேட்டேன், கூட போறதுக்கு இன்னொரு வண்டி இருக்கான்னு. ரூம்மேட் ஒருத்தர் வாங்கப் போறாராம். சரின்னு அட்டையப் போட்டு ரெண்டு பேரும் அடியில படுத்தோம். ஒவ்வொண்ணா காட்டினேன். மண்வெட்டி, கம்ப்ரஸர், இழுக்கற பட்டை எல்லாம் சேத்துதான் வெலைன்னேன். யோசிச்சு சொல்றேண்ணேன்னு போயிருக்கார். ரெண்டாயிரம் கொறைச்சுக் குடுத்துடலாம்னு பாக்கறேன், தங்கமணிதான் ஒரு திர்ஹாம் கொறைக்கக் கூடாதுங்கறாங்க.