மனசு எப்படியோ, அனிமேவும் அப்படி



லூமுட் பக்கத்துப் பெற்றோர்கள் ஆலயத்துக்கு வரும்போது எங்களைப் போன்ற தொண்டர்களிடம் அடிக்கடி சொல்லும் குறை இது: "பையன் ராத்திரி முழுக்க ஜப்பான் பொம்மைப் படம் பார்க்கிறான், தேவார வகுப்புல தூங்கி வழியறான்." ஹேண்ட்போனைப் பிடுங்கினா சரியாயிடும்னு நினைக்கிறோம். போன் நம்ம கைக்கு வந்துடுது, பிள்ளை கதவைச் சாத்திக்கிறான்.

பிள்ளைங்ககிட்ட பேசிப் பார்த்தா ஒண்ணு புரியும். அவங்க கண்டதையும் பார்க்கிறதில்லை. அன்னிக்கு மூட் எப்படியோ அதுக்குத் தகுந்த அனிமேவைத்தான் எடுக்கிறாங்க. இது நமக்குப் புதுசா என்ன? கிரகத்தை நினைச்சுப் பயந்தா கோளறு பதிகம், காய்ச்சல் வந்தா திருநீற்றுப் பதிகம் என்று நாமும் தேர்ந்தெடுத்துத்தானே பாடுகிறோம்? அப்பர் சுவாமிகள் சூலை நோயில் துடித்தபோது திருவதிகையில் பாடியது ஒன்று. கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது பாடியது வேறொன்று. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது.

பிள்ளைங்க சொல்லுற கணக்கும் அப்படித்தான். சோர்ந்து போன நாளில் 'ஹைக்யூ'. அது கைப்பந்து விளையாடும் பள்ளிப் பையன்களின் கதை. தோற்றாலும் மறுநாள் பயிற்சிக்கு வந்து நிற்பாங்க. புது இடம், புது வேலை என்று பயமா இருந்தா 2001-ல் மியாசாக்கி எடுத்த 'ஸ்பிரிட்டட் அவே'. பேரையே பறிகொடுத்த ஒரு சின்னப் பொண்ணு, வேலை செஞ்சு, தன் பேரை மறக்காம மீண்டு வருவாள். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்க, ரெண்டு பிள்ளைங்க வீட்டில் காத்திருக்கும் கதை 'டொட்டோரோ'. மனசு லேசாகும். அதே 1988-ல், அதே நாளில், அதே ஸ்டூடியோ வெளியிட்டதுதான் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்'. போரில் அனாதையான அண்ணன் தங்கச்சி கதை. கல்லும் கரையும்.

அழ வேண்டிய நேரத்தில் அழுதுட்டா பாரம் குறையும். ஆனா ஒரு பிள்ளை தினமும், நடுராத்திரியில், தனியா, சோகக் கதையா தேடித் தேடிப் பார்த்தா நாம கவனிக்கணும். வாயால் சொல்ல முடியாததை அது படத்தால் சொல்லுது. பரீட்சைப் பயமா, பள்ளியில் கேலியா, வீட்டுச் சண்டையா, யாருக்குத் தெரியும்? போனைப் பிடுங்கிட்டா அந்தச் செய்தியும் நம்ம கைக்கு வராது.

அதனால பெற்றோர்களே, "ஏன் பார்க்கிறே?" என்பதை விட்டுட்டு, "இன்னிக்கு என்ன பார்த்தேப்பா? ஏன் அது பிடிச்சுது?" என்று கேளுங்க. பக்கத்துல உட்காருங்க. எங்கே தொடங்குறதுன்னு தெரியலைன்னா நம்ம இராமாயணத்தையே எடுங்க. யூகோ சாகோ என்ற ஜப்பானியர், இந்தியாவின் ராம் மோகனோடு சேர்ந்து 1992-ல் அதை அனிமேவாக்கினார். 2025 ஜனவரியில் இந்தியத் திரையரங்குகளில் தமிழிலும் வந்தது. வனவாசம் போகும் இராமனைப் பார்த்துப் பிள்ளை கண் கலங்கினா, பேச்சைத் தொடங்க அதுவே நல்ல நேரம்.

தேர்வுக்கு ஓர் அளவுகோல்: கோளறு பதிகம் பாடி முடிச்சா பயம் போய்த் தெம்பு வருதில்லையா? படம் முடிஞ்ச பிறகும் மனசு அப்படி ஒரு படி மேலே ஏறியிருக்கணும். இன்னும் கீழே இறங்கியிருந்தா, அன்னிக்கு அது வேண்டாம். விளக்கைப் போட்டு, ரெண்டு வார்த்தை பேசிட்டுத் தூங்கச் சொல்லுங்க.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இறைவன் துணை. திருச்சிற்றம்பலம்.