இரண்டாமவனின் பிறப்பு

நாங்கள் இரட்டையர். பதினோரு நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள். அந்தப் பதினோரு நிமிடம் எங்களில் ஒருவனைப் பெரியவன் என்றும் மற்றவனைச் சின்னவன் என்றும் ஆக்கிற்று. பள்ளியில் ஓர் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்ததும், "அசல் வந்தாச்சு, ஜெராக்ஸ் எங்கடா?" என்று கேட்பது வழக்கம். வகுப்பு சிரிக்கும். அசலும் சிரிப்பான். ஜெராக்ஸ் சிரிப்பதுபோல் பாவனை செய்வான். மியூட்டூ என்ற கற்பனை விலங்கின்மேல் எங்களுக்கு ஏற்பட்ட பற்று அந்த வகுப்பறையிலிருந்துதான் தொடங்கியது என்று இப்போது எண்ணுகிறோம்.

போக்கிமான் உலகை அறியாத நண்பர்களுக்காகச் சில சொற்கள். 1996இல் ஜப்பானில், கேம்பாய் என்னும் கையடக்கக் கருவிக்காக 'ரெட்', 'கிரீன்' என்ற இரு விளையாட்டுகள் வெளியாயின. அவற்றில் 150ஆம் எண்ணைத் தாங்கிய உயிரே மியூட்டூ. மியூ என்னும் அரிய உயிரிலிருந்து விஞ்ஞானிகள் உண்டாக்கிய இரண்டாவது மியூ என்பதே அப்பெயரின் பொருள். பெயரிலேயே 'சின்னவன்' என்று எழுதப்பட்டுவிட்டது!

எங்களுக்கு அது முதலில் அறிமுகமானது திரைப்படத்தின் வழியாக. 2003இல் கார்ட்டூன் நெட்வொர்க் வாயிலாகப் போக்கிமான் தொடர் இந்திய வீடுகளுக்குள் வந்தது. அந்தப் பித்துத் தலைக்கேறி, பூந்தமல்லிக் கடையொன்றில் முதல் படத்தின் குறுந்தகட்டை வாடகைக்கு எடுத்துவந்தோம். எங்கள் வீட்டில் குறுந்தகட்டுக் கருவி இல்லை. பக்கத்து வீட்டில் இருந்தது.

அந்தப் பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இக்கதை நகராது. திருமழிசையை அடுத்த குத்தம்பாக்கத்தில் சமத்துவபுரம் எழுந்தபோது, 1996இல் ஊராட்சித் தலைவரான ரங்கசாமி இளங்கோவின் முயற்சியால் அங்கே இரட்டை வீடுகள் கட்டப்பட்டன. ஐம்பது இரட்டை வீடுகள், நூறு குடும்பங்கள். ஒவ்வொரு இணையிலும் ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் பிற சாதிக் குடும்பம், நடுவே பொதுச்சுவர். இரட்டையர்களான நாங்கள் இரட்டை வீட்டில் குடியேறியதை ஊரார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சுவருக்கு அப்பாலிருந்த அம்மாளை அத்தை என்றே அழைத்தோம். ஒருமுறை ஊரிலிருந்து வந்த பெரியப்பா நாற்காலியின் நுனியில் அமர்ந்தபடி, "அத்தையா? எப்படி அத்தை?" என்று கேட்டார். "ஒரே சொவருதானே மாமா" என்றார் அம்மா. பெரியப்பா காப்பியைக் குடிக்காமலே எழுந்துபோனார்.

அத்தை வீட்டில்தான் படம் பார்த்தோம். ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. சோதனைக்கூடத்தின் கண்ணாடிக் குழாயில் கண்விழிக்கும் மியூட்டூ, தன்னை எதற்காகப் படைத்தார்கள் என்று கேட்கிறது. பதில் இல்லை. சினத்தில் அது தன்னைப்போலவே நகல்களை உண்டாக்கி, அசல்களோடு மோதவிடுகிறது. நகல் பிகாச்சு அழுதுகொண்டே அறைகிறது. அசல் பிகாச்சு திருப்பி அடிக்க மறுத்து நிற்கிறது. அந்தக் காட்சியில் சின்னவன் அழுதுவிட்டான். அத்தை ஒன்றும் கேட்காமல் முறுக்குத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார். மறுநாள் வகுப்பில் ஆசிரியரின் வழக்கமான கேள்வி எழுந்தபோது, அசல் சிரிக்கவில்லை.

மூல விளையாட்டை, கல்லூரிக் காலத்தில் கணினியில்தான் ஆடினோம். அங்கே மியூட்டூவின் கதை அநேகமாக இல்லை. பாழடைந்த மாளிகையொன்றில் சில நாட்குறிப்புகள் கிடக்கின்றன. மியூ ஈன்றது, குட்டிக்கு மியூட்டூ என்று பெயரிட்டோம், இனி அடக்க இயலாது என்ற அளவில் அவை முடிகின்றன. போட்டிகளெல்லாம் வென்றபின் ஒரு குகையின் ஆழத்தில் அது நிற்கும். வீழ்த்தலாம், அல்லது பந்துக்குள் அடைக்கலாம். அதன் தரப்பைக் கேட்க ஒரு பொத்தானும் இல்லை. படைத்தவர்களின் குறிப்பேடு மட்டுமே வரலாறாக எஞ்சுகிறது.

பின்னர் 1998ஆம் ஆண்டின் ஜப்பானிய மூலப் படத்தைத் துணைத்தலைப்புகளோடு பார்த்தபோது வியந்தோம். இயக்கியவர் குனிஹிக்கோ யுயாமா, எழுதியவர் தாகேஷி ஷூடோ. 1999இல் வந்த அமெரிக்க வடிவத்தில் மியூட்டூ இறுதியில் ஒரு பாடம் கற்கிறது: எவ்வாறு பிறந்தோம் என்பது பொருட்டல்ல, வாழ்வைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதே பொருட்டு. மூலத்தில் இப்பாடம் இல்லை. பிறந்துவிட்டோம், இவ்வுலகில் எங்கோ வாழ்ந்துகொண்டிருப்போம் என்ற அளவில் அது நகல்களோடு விடைபெறுகிறது. ஏன் பிறந்தோம் என்ற கேள்வி கேள்வியாகவே நிற்கிறது.

அமெரிக்கப் பாடம் தவறென்று சொல்லமாட்டோம். பிறப்பைக் கொண்டு மனிதரை அளக்கும் நாட்டில் அது பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது. ஆனால் பிறப்பு பொருட்டல்ல என்று சொல்லிவிட்டால் அது பொருட்டற்றுப் போய்விடுகிறதா? நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்த பெரியப்பாவுக்கு அது பொருட்டாகத்தானே இருந்தது? மூலப் படத்தின் மௌனம் எங்களுக்கு மேலும் நேர்மையானதாகத் தோன்றியது.

எங்களை மிகவும் அசைத்தது, ஹிதெனோரி குசாகா எழுதிய சித்திரக்கதை வடிவம். அதில் மியூட்டூவைப் படைத்தவர்களில் ஒருவரான பிளேன், அதை முழுமையாக்கத் தன் உயிரணுவையே சேர்க்கிறார். அதன் அணுக்களோ அவருடைய கையில் ஊறிவிடுகின்றன. அதன்பின் ஒன்றின் வேதனை மற்றதன் வேதனை. படைத்தவன் ஒருபுறம், படைக்கப்பட்டது மறுபுறம் என்று பிரித்துநின்று குறிப்பேடு எழுதும் வசதி அவருக்கு இல்லை. நாட்குறிப்பின் விஞ்ஞானிகளுக்கும் பிளேனுக்கும் உள்ள தொலைவு அதுதான். ஒரே உயிரை ஓர் ஊடகம் கோப்பாகவும், இன்னொன்று கேள்வியாகவும், மற்றொன்று பாடமாகவும் காட்டியது. சித்திரக்கதை அதை உறவாகக் காட்டியது.

இன்று எங்கள் பிள்ளைகள், அதே முதல் படத்தின் 2019ஆம் ஆண்டுக் கணினி வரைகலை வடிவத்தைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். மியூட்டூ நல்லவனா கெட்டவனா என்று கேட்கிறார்கள். "ரெண்டாவதா பொறந்தவன்டா" என்கிறான் சின்னவன். அவர்களுக்கு விளங்குவதில்லை. விளங்காமலே இருக்கட்டும் என்று நாங்களும் விட்டுவிடுகிறோம்.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் பொதுச்சுவரில் ஈரம் இறங்கியது. எந்தப் பக்கத்துக் கோளாறு என்று எவ்வளவு தட்டிப் பார்த்தும் கண்டறிய முடியவில்லை. அத்தைக்கு வயதாகிவிட்டது. ஈரத்தால் இரவெல்லாம் இருமினார். அந்த இருமல் எங்கள் கூடத்தில் தெளிவாகக் கேட்டது. கொத்தனாரை இரு வீட்டாரும் சேர்ந்தே அழைத்தோம், கூலியைப் பாதிப்பாதியாகக் கொடுத்தோம்.