அரைப் பவுனுக்கும் குறைவான எடை

நரிக்குத் துப்பாக்கி வாங்குவதற்கு முன்னால் செத்த குட்டியின் தோலை உரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்துப் பண்ணைப் பெரியவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான். கழுத்தில் பல் பதிந்திருந்தால் உடனே நரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியிருந்தால்தான் உயிரோடு இருக்கும்போது கடித்தது. ரத்தம் கட்டாமல் வெளுத்திருந்தால் குளிரிலோ பசியிலோ ஏற்கெனவே செத்துக் கிடந்ததை நரி வந்து தின்றிருக்கிறது. கண் மட்டும் இல்லையென்றால் அது காக்கை.

முதல் வருடம் ஒன்பது குட்டிகள் செத்தன. ஒன்பதையும் உரித்துப் பார்த்தேன். மூன்றைத்தான் நரி கொன்றிருந்தது. மூன்று குட்டிக்காக ஒரு துப்பாக்கியா என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த மூன்றும் எழுந்து நின்று பால் குடித்துக்கொண்டிருந்தவை.

ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸின் கவுராவுக்குப் பக்கத்தில், குத்தகை நிலத்தில் எழுபது டார்ப்பர் ஆடுகள் வைத்திருக்கிறேன். வார நாட்களில் எனக்கு வேறு வேலை. டார்ப்பர் தென்னாப்பிரிக்க இனம். கம்பளி கத்தரிக்க வேண்டாம், நம்மூர்ச் செம்மறி மாதிரி மயிர் தானாக உதிர்ந்துவிடும். வாங்கியதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அம்மாவைப் பெற்ற தாத்தா பரமக்குடிப் பக்கம் கிடை போட்டவர்.

போனில் அம்மாவிடம் சொன்னபோது, "ஏப்பா, நரிக்குப் போயி துப்பாக்கி எதுக்கு? தாத்தா வெறும் கம்பையும் நாயையும் வச்சுத்தானே காத்தாரு" என்றாள். குட்டிகளைக் கூடாப்பில் அடைத்துவிட்டு ராத்திரி முழுக்க ஆள் மாற்றி ஆள் கண்விழித்தார்கள். அங்கே முழித்திருக்க நாலு பேர் இருந்தார்கள். இங்கே நான் ஒருத்தன். அதோடு ஊரில் நாம் நரி என்று சொல்வது வேறு பிராணி. இங்கே இருப்பது செந்நரி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் குதிரையில் துரத்தி விளையாடுவதற்காகக் கப்பலில் கொண்டுவந்து விட்டது. விளையாட்டு முடிந்துவிட்டது, நரி கண்டத்தின் பெரும்பகுதியில் பரவிவிட்டது. இந்த மண்ணின் எத்தனையோ சிறு விலங்குகள் அருகிப்போனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நரி முகத்தில் முழித்தால் யோகம் என்பதெல்லாம் இங்கே செல்லாது.

துப்பாக்கி இல்லாமல் வழி இல்லையா என்று நிஜமாகவே தேடினேன். மரெம்மா என்ற இத்தாலியக் காவல் நாய்கள் இருக்கின்றன. விக்டோரியாவில் வார்னம்பூல் பக்கம் ஒரு குட்டித் தீவில் பெங்குவின்களை நரியிடமிருந்து காப்பாற்ற 2006 முதல் இவற்றைத்தான் பயன்படுத்தினார்கள். அருமையான நாய்கள், ஆனால் கூடவே ஆள் இருந்து பழக்க வேண்டும். 1080 என்கிற விஷம் வைக்கலாம். அது மேற்கு ஆஸ்திரேலியாவில் சில செடிகளிலேயே இயற்கையாக இருப்பதால், அங்குள்ள பூர்வீக விலங்குகள் பல அதைத் தாங்கும். நரி தாங்காது, நாயும் தாங்காது. பெரியவரின் ஆட்டு நாய் என் வேலிக்குள் அடிக்கடி வரும். விஷம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் துப்பாக்கிதான். 1996-ல் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு இந்த நாட்டில் சட்டம் இறுகிவிட்டது. பாதுகாப்புப் பயிற்சி, உரிமம், தக்க காரணம், ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி அனுமதி, முதல் அனுமதிக்கு 28 நாள் காத்திருப்பு, இரும்புப் பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. தற்காப்புக்கு என்று எழுதினால் கிடைக்காது. எனக்கு இது பிடித்திருந்தது. சின்ன வயதில் நான் பார்த்த ஒரே துப்பாக்கி, கொக்கு சுட வந்த நரிக்குறவர் ஒருவர் தோளில் கிடந்த நாட்டுத்துப்பாக்கி. இத்தனை நாள் காத்திருப்பு எனக்குத் தேவைப்பட்டது.

எந்தத் துப்பாக்கி? கடைக்காரரிடம் கேட்டால் ஆளுக்கொரு மதம் சொல்வார்கள். மலிவானது .22 ரிம்ஃபயர். தோட்டா விலை சில்லறைக் காசு, சத்தமும் குறைவு. ஆனால் குண்டு நொடிக்கு 330-லிருந்து 380 மீட்டர் வேகத்தில்தான் போகும். ஐம்பது, அறுபது மீட்டருக்குள் நரி நின்றால் சரி. பெரியவர் நிலத்தில் மூன்று காலில் நொண்டிய ஒரு நரியை நான் பார்த்திருக்கிறேன். யாரோ தூரத்திலிருந்து .22-ல் சுட்டது என்றார் அவர். அது எலியும் தவளையும் பிடிக்க முடியாமல், ஓட முடியாத குட்டிகளைத் தேடித்தான் வரும். அதைப் பார்த்த அன்றே ரிம்ஃபயர் யோசனை செத்துவிட்டது. அது சமதரையில் பட்டு எகிறிப் போவதிலும் பேர்போனது, சுற்றிலும் என் ஆடுகள்.

.17 எச்.எம்.ஆர். 2002-ல் வந்தது. 17 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 770 மீட்டர் சொச்சம். நூறு மீட்டர் வரை ஊசி மாதிரி போகும். காற்று அடித்தால்? மிதமான பக்கக் காற்றிலேயே நூறு மீட்டரில் எட்டு சென்டிமீட்டர் விலகிவிடும். நரியின் நெஞ்சில் உயிர்நிலை ஒரு தேங்காய் மூடி அகலம்தான். எட்டு சென்டிமீட்டர் தள்ளினால் வயிறு. எங்கள் மேட்டு நிலத்தில் காற்று அடிக்காத ராத்திரி அபூர்வம்.

மறுகோடியில் .22-250. 55 கிரெய்ன் குண்டை நொடிக்கு 1,100 மீட்டருக்கு மேல் தள்ளும். முன்னூறு மீட்டர் எல்லாம் அதற்குச் சாதாரணம். ஆனால் பேரல் சீக்கிரம் தேயும், வெடி பெரியது, தோட்டா விலையும் அதிகம். இருட்டில் முன்னூறு மீட்டரில் சுடும் உத்தேசமே எனக்கு இல்லை.

நடுவில் இரண்டு. 1950-ல் வந்த .222, இங்கே செல்லமாக 'டிரிபிள் டூ'. கிழவர்களுக்கு அதன் மேல் தனிப் பாசம், ஆனால் தோட்டா எல்லாக் கடையிலும் இருக்காது. அடுத்தது .223. எம்-16-ன் தோட்டாவோடு கூடப் பிறந்தது, வியட்நாம் காட்டிலிருந்து ஆட்டுப்பட்டிக்கு வந்திருக்கிறது. அந்த வரலாறு எனக்கு உறுத்தல்தான். ஆனாலும் 55 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 980 மீட்டர் சொச்சம், உதை குறைவு, எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். உதை குறைந்தால் சுட்ட பிறகும் ஸ்கோப்பில் நரி தெரியும். அடி எங்கே பட்டது என்று பார்க்கலாம், தேவைப்பட்டால் உடனே இரண்டாவது சுடலாம். எனக்கு இதுதான் பெரிய வாதமாகப் பட்டது. ஒரு ஹோவா 1500 வாங்கினேன், போல்ட் ஆக்‌ஷன். பேரலுக்குள் இருக்கும் முறுக்கு ஒன்பது அங்குலத்துக்கு ஒரு சுற்று. சின்ன குண்டும் நிற்கும், 70 கிரெய்ன் வரை கனமான குண்டும் நிற்கும்.

துப்பாக்கியை விடக் குண்டுதான் முக்கியம் என்பது வாங்கிய பிறகு நிறையப் பேருக்கு உறைக்கும். கிரெய்ன் என்பது ஒரு பார்லி மணியின் எடையிலிருந்து வந்த கணக்கு, நம்ம குன்றிமணி மாதிரி. 55 கிரெய்ன் என்றால் மூன்றரை கிராம். அரைப் பவுன் கூட இல்லை. முழுக்கச் செம்பு போர்த்திய ராணுவக் குண்டு மலிவு, ஆனால் ஊசி போல் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். நரி காயத்தோடு ஓடும். முனையில் பிளாஸ்டிக் வைத்த, மெல்லிய உறை போட்ட குண்டு உள்ளே போனதும் சிதறும். நரி அங்கேயே விழும், தரையில் பட்டாலும் பெரும்பாலும் துகளாகிவிடும். தோல் கிழியும் என்பார்கள். தோலை விற்கிறவர்கள் கவலைப்படட்டும். கடையில் மூன்று கம்பெனிப் பெட்டிகளை வாங்கி, நூறு மீட்டரில் தாளில் சுட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குள் விழுந்தது. விலை கூடியதும் இல்லை அது.

மறுவருடம் ஆகஸ்ட். குட்டி போட ஆரம்பித்து இரண்டாவது வாரம். முதல் இரண்டு ராத்திரி நரியின் கண் சிவப்பு விளக்கில் மின்னியது, ஆனால் மேட்டு உச்சியில், பின்னால் வெறும் வானம். குண்டு எங்கே போய் விழும் என்று தெரியாமல் சுட முடியாது. மூன்றாம் ராத்திரி தகர ஊதலை வாயில் வைத்து, முயல் கத்துகிற மாதிரி ஊதினேன். சரிவில் இறங்கி வந்தது. எண்பது மீட்டர். பின்னால் மண். சுட்டேன். ஓடவில்லை.

காலையில் மகள் பார்க்க வந்தாள். ஒன்பது வயது. வாலைத் தொட்டுப் பார்த்தாள். பெட்டை. வயிறு கனத்திருந்தது.

"உள்ள குட்டி இருக்காப்பா?"

"இருக்கும்மா."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. தாயில்லாத குட்டிக்குப் பால் பாட்டில் கலக்கப் போய்விட்டாள். நான் வேலியோரம் குழி வெட்டினேன். அன்று முழுக்க அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை, நானும் பேசச் சொல்லவில்லை.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன், வயிற்றில் குட்டி இருந்ததையும். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டாள், "நம்ம குட்டி எத்தனைப்பா தங்கியிருக்கு?"

எண்பத்திநாலு என்றேன்.